வெள்ளிப் பசையில் ஒரு விரிசல்

ஒரு பொருளைக் குளிரவைத்துக்கொண்டே போனால் அதன் மின்தடை எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் புனேயில் ஐந்தரை வருடம் அதைத்தான் செய்தேன். என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். கேட்டவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, "அது முடிஞ்சா என்ன வேலை கிடைக்கும்?" என்பார்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து கிளம்பியபோது எனக்கு வயது இருபத்து மூன்று. அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநர். ரயிலில் கூடவே வந்து, வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டு, அன்று சாயங்கால வண்டிக்கே திரும்பிவிட்டார். வெளியே ஜூலை மாத மழை. அது செப்டம்பர்வரை நிற்காது என்று அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் ஆய்வகம் துறைக் கட்டிடத்தின் பின்பக்கம், தரைத்தளத்தில் இருந்தது. நான் சேர்ந்தபோது எனக்கு மூத்த பெண் ஒருத்தி இருந்தாள். முதல் வருட முடிவில் அவள் அமெரிக்கா போய்விட்டாள். அதற்குப் பிறகு நானும் என் ஆய்வு வழிகாட்டியும் மட்டும்தான். கைடு என்றுதான் சொல்வோம். அவர் மராட்டியர், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். எப்போதும் அரைக்கைச் சட்டை, அதன் பையில் இரண்டு பேனா. எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான். அவசரத்தில் அவருக்கு மராத்தி வந்துவிடும், எனக்குத் தமிழ் வந்துவிடும், இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம்.

அந்த நாட்களில் அவர் நிறையப் பேசுவார். நாலு மணிக்குத் தேநீரோடு வந்து என் மேஜை ஓரத்தில் சாய்ந்து நின்றுகொள்வார். நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் மாங்கனீஸ் ஆக்ஸைடு வகையைச் சேர்ந்தது. காந்தத்தின் பக்கத்தில் கொண்டுபோனால் அதன் மின்தடை பலமடங்கு குறையும். ஏன் அப்படி என்பதை அவர் பழைய பேப்பர் ஒன்றின் பின்பக்கம் படம் போட்டுச் சொன்னார். "நம்ம ஊர் வாடாவில் ஒரே முற்றத்தைச் சுற்றிக் குடியிருக்கிறவர்களை நினைத்துக்கொள். பக்கத்து வீட்டுக்காரனும் நானும் ஒரே பக்கம் பார்த்து நின்றால் அவன் கதவைத் திறப்பான். நான் அவன் வீட்டுக்குள் போகலாம். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால் கதவு மூடித்தான் இருக்கும். எலக்ட்ரானும் அப்படித்தான். காந்தம் எல்லோரையும் ஒரே பக்கம் பார்க்கவைக்கிறது." அவ்வளவு எளிதில்லை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அன்று அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

அந்தப் பொருளை நாங்களே தயாரிக்கவேண்டும். மூன்று நான்கு தூள்களை நிறுத்துப் போட்டு, கல்வத்தில் மூன்று மணி நேரம் அரைத்து, உலையில் ஒரு நாள் சுட்டு, மறுபடி அரைத்து, மறுபடி சுட்டு, கடைசியில் மாத்திரைபோல் அழுத்தி எடுக்கவேண்டும். அரைக்கிற கை நிற்கக்கூடாது. மனதுக்குள் தமிழில் எண்ணுவேன். ஆயிரம் வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். சில நாட்களில் நான் பயன்படுத்திய தமிழ்ச் சொற்கள் அந்த எண்கள் மட்டும்தான். நகக்கண்ணில் கறுப்பு ஏறிவிடும், எப்படித் தேய்த்தாலும் போகாது. விடுதியில் சப்பாத்தி போடும் அம்மாள் நான் தலைக்குச் சாயம் போடுகிறேன் என்றே நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

திரவ ஹீலியம் வேறொரு நிறுவனத்திலிருந்து மாதத்துக்கு ஒருமுறை வரும். பெரிய பால் கேன் போன்ற பாத்திரத்தில் வரும். திறந்து வைத்த கற்பூரம் மாதிரி அது தானாகவே குறைந்துகொண்டிருக்கும் என்பதால், வந்த அன்று காலையே வேலையைத் தொடங்கிவிடவேண்டும்.

இரண்டாம் வருடம், மழை விட்ட பிறகு வந்த ஒரு ஹீலியம் நாளில்தான் அது நடந்தது. பொருளைக் குளிரவைத்துக்கொண்டே வந்தேன். அறுபது கெல்வின் பக்கத்தில், அதாவது உறைநிலைக்கும் இருநூறு டிகிரிக்கு அதிகமாகக் கீழே, வரைபடத்தில் கோடு திடீரென்று ஒரு படி இறங்கியது. வழவழப்பாக வந்துகொண்டிருந்த கோடு, யாரோ கையைத் தட்டிவிட்டதுபோல் இறங்கி, அங்கிருந்து மறுபடி வழவழப்பாகப் போனது. மெதுவாகச் சூடேற்றினேன். கிட்டத்தட்ட அதே இடத்தில் மறுபடி ஏறியது.

ஓடிப்போய் கைடைக் கூப்பிட்டேன். வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இன்னொரு முறை குளிரவைக்கச் சொல்லிப் பார்த்தார். படி இறங்கியது. அவர் வெளியே போனார். திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் தேநீர்க் கோப்பைகள்.

"இதை இதற்கு முன்னால் யாரும் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை," என்றார்.

பத்து நாளில் கட்டுரை எழுதினார். என் பெயரை முதலில் போட்டார். அந்த வருடம் அவருடைய பேராசிரியர் பதவி உயர்வு பரிசீலனையில் இருந்தது எனக்குத் தெரியும், அவரே சொல்லியிருந்தார். கட்டுரை ஒரு வெளிநாட்டு இதழுக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசினேன். புதிதாக ஒன்று கிடைத்திருக்கிறது, பத்திரிகையில் என் பெயர் வரும் என்று சொன்னேன். அடுத்த வாரம் அப்பா சொன்னார்:

"டிப்போவுல அத்தன பேருக்கும் முட்டாய் குடுத்துப்போட்டேன் கண்ணு. எதுக்குங்கண்ணான்னு கேக்கறானுங்க. எம் புள்ள பூனாவுல ஒண்ணு கண்டுபுடிச்சிருக்குதுன்னு சொன்னேன். என்னதுன்னு கேட்டா எனக்கென்ன சொல்லத் தெரியுது!"

அடுத்த மாத ஹீலியத்தில் அதே துண்டை மறுபடி அளந்தேன். படி இருந்தது, ஆனால் கொஞ்சம் தள்ளியிருந்தது. மறுமுறை இன்னும் கொஞ்சம் தள்ளிப்போயிற்று. அதே மாத்திரையிலிருந்து இன்னொரு துண்டு வெட்டி அளந்தேன். அதில் படியே இல்லை. கைடிடம் காட்டினேன். "சுடும்போது ஓரத்தில் ஆக்ஸிஜன் குறைந்திருக்கும். இப்படி நடப்பதுதான்," என்றார். நடப்பதுதான், நானும் படித்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் படி நகர்ந்துகொண்டே போனது எனக்கு உறுத்தியது. ஒரு பொருளின் குணம் என்றால் அது நின்ற இடத்தில் நிற்கவேண்டாமா?

புனேயில் வியாழக்கிழமை பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். அப்படி ஒரு வியாழக்கிழமை, செய்ய எதுவும் இல்லாமல், அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனேன். அங்கே கண்ணாடி வைத்து வெயிலைத் திருப்பிப் பார்க்கும் பழைய நுண்ணோக்கி ஒன்று இருந்தது. துண்டின்மேல் நான்கு மெல்லிய கம்பிகளை வெள்ளிப் பசையால் ஒட்டியிருப்போம். வெளி இரண்டு வழியாக மின்சாரத்தை அனுப்பி, உள் இரண்டுக்கும் நடுவில் மின்னழுத்தத்தை அளப்போம். உள் கம்பிகளில் ஒன்றுக்கு நான் பசையைக் கொஞ்சம் அதிகமாக வைத்திருந்தேன், ஒரு கடுகளவுக்கு. அந்தக் கடுகின் ஓரத்தில் தலைமயிரைவிட மெல்லிய ஒரு கோடு ஓடியிருந்தது.

அதைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. குளிரும்போது பசை ஒரு பக்கம் சுருங்கிப் பிரிகிறது. மற்ற உள் கம்பியின் பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு கம்பிகளுக்கும் இடையில் உள்ள தூரம் குறைந்துவிடுகிறது, அதனால் மின்தடையும் குறைந்ததுபோல் தெரிகிறது. சூடேறினால் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. நான் கண்டுபிடித்தது ஒரு விரிசலை.

பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஊசிமுனையளவு மட்டும் வைத்து மறுபடி ஒட்டினேன். அந்த வாரம் வந்த கேனின் அடியில் கொஞ்சம் ஹீலியம் மிச்சமிருந்தது. வெள்ளிக்கிழமை இரண்டு முறை அளந்தேன். கோடு கடைசிவரை வழவழப்பாகப் போயிற்று.

அன்று கைடு மும்பை போயிருந்தார். சனிக்கிழமை முழுவதும் யாரிடமும் பேசவில்லை. ஞாயிறு காலை பூத்துக்கும் போகவில்லை. பஸ் பிடித்து லோஹேகாவ் போனேன். அங்கே விமானப்படைக் குடியிருப்பில் வேலூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். அவர் கணவர் அங்கே சார்ஜென்ட். ரயிலில் பழக்கமானவர்கள், எப்போதாவது சாப்பிடக் கூப்பிடுவார்கள்.

"இன்னாம்மா இப்டி எளைச்சுப் போய்ட்ட? ஹாஸ்டல்ல ஒழுங்கா கானா போடறாங்களா இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே தட்டில் சோற்றைப் போட்டார் அக்கா.

"வேலையில ஒரு தப்பு நடந்துபோச்சுங்கக்கா," என்றேன்.

"யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்லீங்க. நானாத்தான் பாத்தேன்."

"அப்ப வுடேன். நாளைக்கு சரி பண்ணிக்கலாம். ரசம் ஊத்தட்டா?"

அக்கா நல்லவர். அவரிடம் இதற்குமேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்த ஊரில் என் மொழி தெரிந்தவர்களுக்கு என் வேலை தெரியாது. என் வேலை தெரிந்த ஒருவரிடம்தான் இதைச் சொல்லப் பயந்துகொண்டிருந்தேன். ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு, அவர் கட்டிக்கொடுத்த டப்பாவோடு திரும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை பழைய வரைபடத்தையும் புதிய வரைபடத்தையும் பக்கத்துப் பக்கத்தில் கைடின் மேஜைமேல் வைத்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இதே துண்டா?"

"இதே துண்டுதான் சார். பசையை மட்டும் மாற்றினேன்."

"எத்தனை முறை?"

"இரண்டு முறை."

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். விரிசலைப் பற்றிச் சொன்னேன். நுண்ணோக்கியில் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"நீ செய்தது சரி," என்றார்.

"கட்டுரை, சார்?"

"அதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

பார்த்துக்கொண்டார். அன்றே இதழுக்குக் கடிதம் எழுதி, அளவீட்டில் பிழை நேர்ந்துவிட்டது என்று சொல்லிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். நகலை என் மேஜையில் வைத்திருந்தார். பிழை என்னுடையது என்று அதில் எங்கும் இல்லை. 'எங்கள் அளவீடு' என்றுதான் எழுதியிருந்தார். அந்த வருடம் அவருக்குப் பதவி உயர்வு வரவில்லை. கட்டுரை இருந்திருந்தால் வந்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது.

வீட்டுக்குச் சொல்லவேண்டியிருந்தது. பூத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு குடும்பம் சில்லறையை எண்ணிக்கொண்டு காத்திருந்தது.

"அப்பா, அந்தக் கண்டுபுடிச்சது... அது இல்லீங்ப்பா."

"இல்லீன்னா?"

"கம்பி ஒட்டுன பசையில விரிசல் உட்டிருந்துச்சு. அதனால அப்படித் தெரிஞ்சிருக்குது. பத்திரிகையில வராதுங்."

பூத்தின் மீட்டரில் சிவப்பு எண்கள் ஏறிக்கொண்டிருந்தன.

"உன்னைய ஏதாச்சும் வைதாங்களா?"

"இல்லீங்."

"படிப்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லீங்ப்பா."

"சரி," என்றார். அப்புறம், "டிப்போவுல சொல்லிப்போட்டனே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் மெதுவாகச் சொன்னார். உடனே, "அத உடு. சாப்ட்டியா சாமி?" என்றார். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். டிப்போவில் அவர் என்ன சொன்னார், சொன்னாரா இல்லையா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.

அதன்பிறகு கைடு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே நாளில் நின்றுவிடவில்லை. முதலில் நாலு மணித் தேநீர் நின்றது. பிறகு ஆய்வகத்துக்கு வருவது குறைந்தது. ஒருநாள் காலை என் அளவீட்டு நோட்டுப் புத்தகத்துக்குள் மஞ்சள் தாளில் ஒரு சீட்டு இருந்தது. நூறு கெல்வினுக்குக் கீழே மறுபடி அளக்கவும் என்று எழுதியிருந்தது. நான் அளந்து, வரைபடத்தை அவர் அறைக் கதவிடுக்கில் செருகிவைத்தேன். மறுநாள் அதில் பென்சிலால் திருத்தங்கள் போட்டுத் திரும்பி வந்தது. அப்படியே பழகிப்போயிற்று. கையெழுத்து வேண்டுமானால் போட்டுத் தருவார். கேள்வி கேட்டால் பதில் சொல்வார், சுவரைப் பார்த்துக்கொண்டு. ஒருமுறை எனக்கு ஒரு வாரம் காய்ச்சல். திரும்பி வந்தபோது நோட்டுக்குள் 'செவ்வாய்க்கிழமை ஹீலியம்' என்று மட்டும் ஒரு சீட்டு இருந்தது.

நாலு மணிக்கு அவருடைய செருப்புச் சத்தம் என் கதவைத் தாண்டி கேன்டீன் பக்கம் போகும். தினமும் கேட்கும். முதல் சில மாதங்கள் அந்தச் சத்தத்துக்கு நான் நிமிர்ந்து உட்கார்வேன்.

மூன்றரை வருடம். அவர் பதவி உயர்வைக் கெடுத்ததற்குத் தண்டனை என்றுதான் நினைத்துக்கொண்டேன். பசையை அதிகமாக வைத்தது நான்தானே. இன்னும் கவனமாக வேலை செய்தேன். ஒவ்வொரு துண்டையும் மூன்று தடவை ஒட்டி, மூன்று தடவை அளந்தேன். அவர் திட்டியிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன். வாய்மொழித் தேர்வன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளரிடம், "ரொம்ப ஜாக்கிரதையான பெண்," என்று என்னைப் பற்றிச் சொன்னார். அது பாராட்டா என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முனைவர் பட்டம் பெற்றவர்கள் அடுத்து வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பார்கள். அதற்குக் கைடின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். நான் கேட்கவில்லை. இரண்டு முறை அவர் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். அவ்வளவுதான், என் இயற்பியல் அந்த வாசலோடு முடிந்தது. புனேக்கு வெளியே சாகணில் கார் பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் பொருள் பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. ரப்பர் எவ்வளவு இழுத்தால் அறும், பூச்சு எத்தனை மணி நேரத்தில் உப்புநீரில் துருப்பிடிக்கும் என்று பார்க்கிற வேலை. புனேயிலேயே, பாணேரில் ஒரு சிறிய ஃபிளாட்டில் தனியாக இருந்தேன். வீட்டில் பார்த்த இரண்டு இடங்கள் அமையவில்லை. அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். மாலையில் பால்கனியில் நின்றால் எதிர்க் கட்டிடத்தில் இளம் தம்பதிகள் சென்னைத் தமிழில் சண்டை போடுவது கேட்கும். ஒருமுறைகூட நான் அவர்களைப் போய்ப் பார்த்துப் பேசியதில்லை.

ஏழெட்டு வருடம் போயிருக்கும். ஒரு டிசம்பர் காலை, அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை என்று ஊருக்குக் கிளம்பினேன். லோஹேகாவ் விமான நிலையத்தில் பனிமூட்டம், எந்த விமானமும் எழும்பவில்லை. உட்கார இடம் தேடிக்கொண்டு போனபோது, சுவரோர நாற்காலியில் கைடு உட்கார்ந்திருந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. ஸ்வெட்டர் போட்டிருந்தார். நான் கடந்துபோய்விடத்தான் நினைத்தேன். அவர் பார்த்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

உட்கார்ந்தேன். ஓய்வு பெற்றுவிட்டதாகவும், பெங்களூரில் மகளோடு இருக்கப் போவதாகவும் சொன்னார். என் வேலையைப் பற்றிக் கேட்டார். ரப்பர் என்றேன். "மின்தடை அளப்பதில்லையா?" என்றார். இல்லை என்றேன். அவர் மடியிலிருந்த பையின் வாரைச் சரிசெய்தார். கண்ணாடிக்கு வெளியே பனி வெள்ளையாக நின்றது.

"உனக்கு ஒன்று சொல்லவேண்டும்," என்றார். "அந்தத் துண்டிலிருந்து ஒரு சில்லை நான் மும்பையில் ஒரு நண்பருக்கு அனுப்பியிருந்தேன். காந்த அளவீடு செய்ய. உன்னிடம் சொல்லவில்லை."

"எப்போது சார்?"

"கட்டுரை அனுப்புவதற்கு முன்னால். அவர் பதில் எழுதினார். அறுபது கெல்வினில் ஒன்றுமே இல்லை என்று. நிஜமாகவே ஏதாவது நடந்திருந்தால் காந்தத்தில் தெரிந்திருக்கவேண்டும். எனக்கு அது தெரியும். கடிதத்தை டிராயரில் போட்டுவிட்டுக் கட்டுரையை அனுப்பினேன்."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"நீ அந்த இரண்டு வரைபடங்களையும் கொண்டுவந்து வைத்தாயே, அன்று நான் உன்மேல் கோபப்படவில்லை. உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். நாளாக நாளாக இன்னும் கஷ்டமாகிவிட்டது."

"நான் என்னால்தான் எல்லாம் என்று நினைத்தேன் சார்," என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்திருக்கவேண்டும். எதிரே உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "மூன்றரை வருடம்."

"தெரியும்," என்றார்.

"பரிந்துரைக் கடிதம் கேட்க வாசல்வரை வந்தேன்."

"அதுவும் தெரியும். கதவுக்குக் கீழே உன் செருப்பு தெரிந்தது."

மன்னித்துவிட்டேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். வயதானவர், தானாகச் சொல்கிறார். ஆனால் எனக்கு வந்தது மன்னிப்பு இல்லை. அந்த விடுதி அறையில் நான் தனியாக உட்கார்ந்து என்னையே குற்றம் சொல்லிக்கொண்ட மாலைகள்தான் வந்தன. அத்தனையும் தேவையில்லாதவை. அவர் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அதை அவரிடம் சொல்லத் தெரியாமல், "தேநீர் குடிக்கிறீர்களா?" என்று கேட்டேன். வாங்கி வந்து கொடுத்தேன். குடித்தார். பனி விலக ஆரம்பித்ததும் முதலில் பெங்களூர் விமானத்துக்கு அழைத்தார்கள். எழுந்து, என் கைப்பேசி எண்ணைக் கேட்டு, தன் சின்ன டைரியில் எழுதிக்கொண்டார். எண்களைத் திருப்பிப் படித்துச் சரிபார்த்தார். வரிசையில் போய் நின்றவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் கையை உயர்த்தினேன்.

ஊரில் அப்பாவுக்குக் கட்டுப் பிரித்த அன்று இதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் புதுக் கண்ணால் காலண்டரில் உள்ள தேதியைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

கைடு இரண்டு முறை அழைத்தார். முதல் தடவை எடுத்தேன். பெங்களூர் குளிரைப் பற்றியும், பேத்திக்குக் கணக்குச் சொல்லித்தருவது பற்றியும் பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சுமுகமாகத்தான் இருந்தது. இரண்டாவது தடவை ஆலையில் வேலையாக இருந்தேன். அப்படி ஒன்றும் பெரிய வேலை இல்லை, எடுத்திருக்கலாம். திரையில் அவர் பெயர் ஒளிர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், ஓயும்வரை. சாயங்காலம் கூப்பிடலாம் என்று நினைத்தேன். சாயங்காலம், ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகட்டும் என்று தோன்றியது. பிறகு அவரும் அழைக்கவில்லை. எண் இன்னும் என்னிடம் இருக்கிறது. இத்தனை நாள் கழித்து அழைத்தால் முதலில் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை.